பிறர் பெயரில் ஒரு கடை

சவூதி அரேபியாவின் கிழக்குக் கரையில் மீன்பிடிக் கிராமமாக இருந்த ஜுபைல், 1975இல் நிறுவப்பட்ட அரச ஆணைக்குழுவின் திட்டத்தால் பெரும் கைத்தொழில் நகராயிற்று. அங்குள்ள ஆலைகளில் குழாய் பொருத்தியவர்களிலும், சாரம் கட்டியவர்களிலும், அவர்களுக்குச் சமைத்துப் போட்டவர்களிலும் எம்மவர் உளர். இளமையில் சென்றவர்களுக்கு இன்று நாற்பது, ஐம்பது வயது. ஒப்பந்தம் முடிவுற்றது என்ற கடிதம் அந்த வயதில் கைக்கு வருகின்றபோது, இனி ஒருவரிடம் கைகட்டி நிற்காமல் சிறு கடையொன்று போடுவோம் என்ற எண்ணம் எழுவது இயல்பே. அந்தத் துணிவை நாம் மதிக்கின்றோம். அக்கடை யாருடைய பெயரில் என்பதே எமது கேள்வி.

தொழிலாளியாகச் சென்ற அந்நியர் அங்கே தம் பெயரில் கடை நடத்த முடியாது. எனவே ஒரு சவூதிக் குடிமகனின் பெயரில் அனுமதிப்பத்திரம் பெற்று, மாதந்தோறும் அவருக்கு ஒரு தொகையைக் கொடுத்துத் தாமே வணிகம் நடத்தும் வழக்கம் பல்லாண்டுகளாக இருந்து வந்துள்ளது. அரபு மொழியில் இதற்குத் ‘தசத்துர்’ என்று பெயர். மறைத்தல் என்பது பொருள். 2020இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி இக்குற்றத்துக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறையும் 50 இலட்சம் ரியால் வரை தண்டமும் விதிக்கப்படலாம். அந்நியராயின் நாடுகடத்தலும் சேரும். இருவருக்கும் இடையே எழுதிக்கொண்ட இரகசிய உடன்படிக்கையை நீதிமன்றத்தில் காட்டினால், அது உரிமைக்குச் சான்றாகாது, குற்றத்துக்கே சான்றாகும். பெயர் கொடுத்தவர் மனம் மாறினால் கடையும் சரக்கும் அவருடையவை. பட்ட பாடு மட்டுமே எம்மவருடையது.

முதலுக்குப் போவது எந்தப் பணம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்நாட்டுத் தொழிற் சட்டப்படி, சேவை முடிவுக் கொடுப்பனவு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம். அதன் பின் ஆண்டொன்றுக்கு ஒரு மாதச் சம்பளம். 4,000 ரியால் சம்பளத்தில் பதினைந்து ஆண்டுகள் உழைத்தவருக்குக் கிடைப்பது 50,000 ரியால். சொந்தப் பெயரில் வணிகம் செய்ய இடமளிக்கும் சிறப்பு வதிவிட உரிமையை அந்நாடு 2019இல் அறிவித்தபோது, அதன் ஓராண்டுக் கட்டணம் 1,00,000 ரியாலாக இருந்தது. பதினைந்தாண்டு உழைப்பின் பலன் ஆறு மாத உரிமைக்கே போதும். செல்வருக்குத் திறந்த கதவு உழைத்தவருக்குத் திறக்கவில்லை. நகரைக் கட்டியவர்கள் நேர்வழியில் சிறுதொழில் செய்ய எளிய அனுமதி வழங்குமாறு வளைகுடா அரசுகளிடம் கோருவது நியாயமே.

அது வரும்வரை எம்மவர் செய்யவேண்டியவை சில உண்டு. வேலை நிறுத்தப்பட்டால் ஒரு வாரத்துக்குள் கணக்குத் தீர்க்க வேண்டியது முதலாளியின் கடமை. சேவைச் சான்றிதழைக் கட்டணமின்றித் தரவேண்டியதும் அவரே. வழக்குத் தொடுப்பதாயின் பன்னிரண்டு மாதங்களுக்குள் தொடுக்க வேண்டும். இவற்றைப் பெறாமல் கடைக்கு இடம் தேடுவது முறையன்று.

ரொறன்ரோவிலும் பாரிசிலும் உள்ள உறவினர்க்கும் ஒரு சொல். சீட்டெடுத்து அனுப்பும் பணம் எந்தப் பெயருக்குப் போகின்றது என்று கேட்பது அவநம்பிக்கையன்று. அண்ணனுக்கோ மைத்துனருக்கோ கொடுத்தாலும், கடனா பங்கா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வது உறவைக் காக்கும். ஊர் திரும்பக் கூடியவர், கைவந்த தொழிலை அங்கே தம் பெயரில் தொடங்க உதவுவது மேல். ஒட்டுவேலை அறிந்தவருக்கு ஒட்டுப் பட்டறையும் குளிரூட்டி திருத்துபவருக்குத் திருத்தகமும் பொருந்தும். பழக்கமில்லாத பலசரக்குக் கடை பொருந்தாது.

இது ஜுபைலுக்கு மட்டும் உரிய கதையன்று. பிரித்தானியாவில் தஞ்சம் கோரிக் காத்திருப்போர் சொந்தத் தொழில் செய்யச் சட்டம் இடந்தரவில்லை. அங்கும் பிறர் பெயரில் நடத்தலாம் என்ற ஆசைவார்த்தைக்குச் செவிசாய்ப்போர் உண்டு. ஒரு பிடிபடலில் முதலும் போகலாம், வழக்கும் பழுதுபடலாம்.

பர்மாவில் 1964இல் கடைகள் தேசியமயமாக்கப்பட்டபோது, நடுவயதில் அனைத்தையும் இழந்து வெறுங்கையுடன் சென்னைக்குத் திரும்பிய தமிழர் பலர். அவர்களது சிறு கடைகளால் துறைமுகத்தின் அருகே பர்மா பஜார் எழுந்தது. பர்மிய நூடில்ஸ் உணவான அத்தோ சென்னைத் தெருவுக்கு வந்ததும் அவர்களால்தான். நாற்பதுக்குப் பின்னும் மனிதன் மீண்டெழலாம் என்பதற்கு அவர்களே சாட்சி. ஆனால் நின்று வணிகம் செய்ய அவர்களுக்கு ஓர் இடம் இருந்தது. நாடு கடத்துவார்கள் என்ற அச்சம் இருக்கவில்லை.

சிறிதாயினும் தன் பெயரில் உள்ள கடையே கடை. நாடிழந்த எமக்கு எஞ்சிய உழைப்பையாவது எமது பெயரில் வைத்திருப்போம்.