பூ உதிர்ந்த பின் இலையைக் காப்போம்

பங்குனி மாதம் பிறந்ததும் பார்க்கிங் நகரின் வீதியோரங்களும் பூங்காக்களும் டஃபொடில் மலர்களால் மஞ்சள் நிறம் பெறுகின்றன. அவற்றைக் கண்டு மகிழ்ந்து கடந்து செல்லும் நாம், எமது வீட்டு முன்றிலில் அவற்றை நடுவதற்கு ஏன் முன்வருவதில்லை? தோட்டச் செய்கையில் தேர்ந்தவர்கள் என்று பெருமை கொள்ளும் எமது சமூகம் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

இப்பகுதிக்கும் தோட்டத்துக்கும் உள்ள உறவு பழையது. 1921 ஆம் ஆண்டில் இலண்டன் கவுண்டி சபை கட்டத் தொடங்கிய பெக்கன்ரீ குடியிருப்பில் வீடுகளுக்குத் தோட்டமும் அமைத்துக் கொடுக்கப்பட்டது. அதனைச் செம்மையாகப் பேணுவது குடியிருப்போரின் கடமையாகவும் இருந்தது. இன்றோ முன்றில்கள் பல கல்லாலும் கொங்கிறீட்டாலும் மூடப்பட்டுவிட்டன. தமிழில் எழுதும்போது இந்நகரின் பெயரும் வாகனத் தரிப்பிடத்தின் பெயரும் ஒன்றாகிவிடுவது எழுத்தின் விளையாட்டு. முற்றம் முழுவதும் தரிப்பிடமாவது விளையாட்டன்று. மழைநீர் மண்ணுள் இறங்க வழியில்லாது வீதிக்கு ஓடுவதாலேயே, 2008 ஆம் ஆண்டு முதல் ஐந்து சதுர மீற்றருக்கு மேல் நீர் புகாத தளம் இடுவதற்கு அனுமதி பெறவேண்டுமென இங்கிலாந்தில் விதி செய்யப்பட்டது.

எமக்கு இடமில்லை, வாடகை வீடு என்று கூறுவோர் உளர். அடியில் துளையுள்ள ஒரு சாடியே போதுமானது. டஃபொடில் கிழங்குகளைப் புரட்டாதி, ஐப்பசி மாதங்களிலும், ரியூலிப் கிழங்குகளைக் கார்த்திகையிலும், கூரிய முனை மேல்நோக்க, கிழங்கின் உயரத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் நடுதல் வேண்டும். நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். குளிருக்கு அஞ்ச வேண்டியதில்லை. குளிர்காலத்தைக் கடந்தாலன்றி ரியூலிப் செம்மையாகப் பூப்பதில்லை. ஒன்றை மறத்தலாகாது: டஃபொடில் கிழங்கு தோற்றத்தில் வெங்காயத்தை ஒத்தது, ஆனால் நச்சுத்தன்மை உடையது. ஆதலின் அதனைச் சமையலறையில் வைக்கலாகாது.

மலர் வாடியதும் இலைகளையும் வெட்டியெறிவதே பலரும் செய்யும் தவறு. வாடிய பூவை மட்டும் கிள்ளிவிட்டு, இலைகளை ஆறு வாரமேனும் விட்டுவைத்தல் வேண்டும். அவ்விலைகள் வெயிலிற் சமைத்த உணவே கிழங்கிற் சேர்ந்து மறுவருடப் பூவாகின்றது. எமது தாயகத்துக் கார்த்திகைப்பூவின் இயல்பும் இதுவே. சங்கப் புலவர் காந்தள் எனப் போற்றிய அக்கொடி, மழையில் தளிர்த்துப் பூத்து, பின் பட்டு, மண்ணுள் கிழங்காய் உறங்கி, அடுத்த மழைக்கு மீண்டும் எழுகின்றது.

வருடத்தில் ஒருநாள் மேடையில் எமது சிறார்கள் பேசும் தமிழும் மலர் போன்றதே. விழா முடிந்த பின்னர் வீட்டிலே நாளும் பேசும் தமிழே அதன் இலை. வரும் ஐப்பசி விடுமுறையில் பிள்ளைகளின் கையில் ஆளுக்கொரு கிழங்கைக் கொடுத்து நடச் செய்வோம். ஆழம், முனை, மண், ஈரம், தளிர் என்னும் சொற்களை நூலில் மட்டுமன்றி மண்ணிலும் அவர்கள் கற்கட்டும். பூத்த பின்னர் இலையை வெட்டாது காக்கும் பொறுமையை நாமும் கற்போம்.