யாருக்கு ழ, யாருக்கு ள

நம் கதைகளில் வாழைப்பழம் தின்கிறவன் யார் என்று பார்த்துத்தான் அதற்கு எழுத்துப் போடுகிறோம். மூட்டை தூக்குகிறவன் வாயில் அது ‘வாளப்பளம்’. தமிழாசிரியர் வாயில் ‘வாழைப்பழம்’. இதற்கு யதார்த்தம் என்று பெயர் வேறு.

திண்டுக்கல்லில் இருந்துகொண்டு இதை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. சிறுமலையிலிருந்து தார் இறங்குகிறது. சுமக்கிறவர், ஏலம் கூறுகிறவர், வாங்கிப்போகிற வாத்தியார் ஆகிய மூவர் நாக்கிலும் பெரும்பாலும் ளகரம்தான். வகுப்பில் பாடம் வாசிக்கும்போது வாத்தியார் நாக்கை மடிப்பார். வீட்டில் ‘பளம் எடுத்துட்டு வா’ என்பார். மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் இதே கதை. சென்னையில் பலருக்கு ‘வாயப்பயம்’. ழகரத்தை விட்டது ஒரு சாதியோ ஒரு வர்க்கமோ மட்டுமல்ல. ஊர் ஊராக விட்டிருக்கிறோம். அச்சில் மட்டும் அது ஏழைகளின் கணக்கில் எழுதப்படுகிறது.

ள போட்டால் அர்த்தம் குழம்பி வாளை மீனாகிவிடும் என்பார்கள். மண்டியில் வாளப்பளம் கேட்டவருக்கு யாரும் மீனை நிறுத்துக் கொடுத்ததில்லை. சிதைவு என்பார்கள். பழங்கன்னடத்திலும் ழகரம் இருந்தது, பிறகு மறைந்தது. வாழை அங்கே இன்று ‘பாளெ’. அதனால் கன்னடத்தில் கவிதை நின்றுபோகவில்லை. 1978இல் ஆத்மாநாம் தொடங்கிய பத்திரிகைக்கே ‘ழ’ என்றுதான் பெயர். எங்கள் பக்கத்தில் அதைச் சொன்னால் ‘ள’ என்றுதான் காதில் விழும். அதன் கவிதைகளுக்கு இதனால் என்ன குறைந்துவிட்டது?

ழகரத்தை ஒழிக்கச் சொல்லவில்லை நான். கண்ணுக்கு அது வேண்டும். வாழையும் வாளையும் ஏட்டில் வேறாகவே இருக்கட்டும். என் சண்டை பங்கீட்டைப் பற்றியது. காதில் விழுந்ததை எழுதுவதானால் எல்லோருக்கும் எழுதுங்கள். வாத்தியாருக்கும், கதை சொல்லுகிற அந்த ‘நானு’க்கும் சேர்த்து. முடியாதென்றால் கூலிக்காரருக்கும் ழகரத்தைக் கொடுத்துவிடுங்கள். ஓசை வேறு, அந்தஸ்து வேறு. ஒன்றை மற்றதன் அடையாளமாக்குவது வட்டார வழக்கு ஆகாது, அது பரிகாசம்.

1970களில் முடிக்கொத்து நோய் மலைவாழைத் தோட்டங்களைச் சரித்தது. மறுபடி கன்று வைத்து அந்த இனத்தை மிச்சப்படுத்தியவர்கள் இந்த ளகரக்காரர்கள். சிறுமலைப் பழத்துக்கும் விருப்பாச்சிப் பழத்துக்கும் இன்று புவிசார் குறியீடு இருக்கிறது. விளைவித்தவரின் உச்சரிப்புத்தான் இன்னும் நமக்குக் கொச்சை.

அடுத்த கதையில் ஒரு பேராசிரியரை வாளப்பளம் தின்ன வையுங்கள். உங்கள் யதார்த்தத்தை அப்போது நம்புகிறேன்.