காரி துரோகி அல்லன்

கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியைக் கொன்ற மலையமான் திருமுடிக்காரி துரோகி அல்லன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொன்ன மாத்திரத்தில் பலருக்குக் கோபம் வரும் என்பதும் எனக்குத் தெரியும்.

நம்மவர்களுக்குத் துரோகி என்றால் ஒரு தனிப் பிரியம். எட்டப்பன் என்று ஒரு பெயர் கைவசம் வைத்திருக்கிறோம். விபீஷணன் என்று ஒரு பெயர் வைத்திருக்கிறோம். இங்கிலீஷ் படித்தவர்கள் மூன்றாவதாகப் புரூட்டஸைச் சேர்த்துக்கொண்டார்கள். கட்சி மாறியவனையும், பாகம் பிரித்துக்கொண்டு போன தம்பியையும், இரண்டு நூறு ரூபாய் கூடக் கிடைக்கிறதென்று வேறு கம்பெனிக்குப் போன குமாஸ்தாவையும் இந்த மூன்றில் ஒரு பெயரால் அழைத்துவிட்டால் நமக்கு நிம்மதி. அதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை அல்லவா?

ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கை ஒட்டி, கொல்லிமலையில் அரசாங்கம் வல்வில் ஓரிக்கு விழா எடுக்கிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏறிப் போய்ச் செம்மேட்டில் இருக்கும் ஓரியின் சிலைக்கு மாலை போடுகிறார்கள். மிகவும் நல்ல காரியம். கொடுத்துச் சிவந்த கை என்று நாம் வாய் ஓயாமல் சொல்லும் கைகளில் அவனுடையதும் ஒன்று. அவன் கதையை நாடகமாக எழுத முற்பட்ட நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னார்: “காரியை நம் ஊர்ப் புரூட்டஸாகப் போட்டுவிட்டால் போதும், ஸார். மூன்றாம் அங்கத்தில் சபையே அழுதுவிடும்.” அதற்காக அவர் இருவரையும் பால்ய சிநேகிதர்கள் ஆக்கியிருந்தார். ஓரியின் வீட்டில் காரி விருந்துண்ணும் காட்சி ஒன்றும் இருந்தது. விருந்துக்கு மறுநாள் கொலை!

இதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். நாடகத்தில் கற்பனை கூடாது என்பதற்காக அல்ல; கற்பனை செய்து பிழைக்கிறவன்தானே நானும்? இந்தக் கற்பனை, உண்மையில் நடந்த கொடுமையை மறைத்துவிடுகிறது என்பதற்காக ஆட்சேபிக்கிறேன்.

பழைய பாட்டுக்கள் என்ன சொல்லுகின்றன? அகநானூற்றில் கல்லாடனார் ஒரு பாட்டின் நடுவே செய்தியைச் சொல்லிவிட்டுப் போகிறார்: முள்ளூர் மன்னனாகிய காரி, அழியாப் புகழை நிறுத்திய ஓரியைக் கொன்று, கொல்லிமலையைச் சேரருக்குக் கொடுத்தான். அவ்வளவுதான். நற்றிணையில் கபிலர், ஓரியைக் கொன்றபின் அவனுடைய பெருந்தெருவில் காரி நுழைந்தபோது ஊரில் கிளம்பிய கூச்சலை ஒரு காதல் ஊடலுக்கு உவமையாக்குகிறார். சிறுபாணாற்றுப்படை, காரி என்னும் குதிரை ஏறிய காரியையும், அவனோடு போரிட்ட, ஓரி என்னும் குதிரை ஏறிய ஓரியையும் அடுத்தடுத்து நிறுத்துகிறது. கொன்றவன், கொல்லப்பட்டவன் இருவருமே கடையெழு வள்ளல்கள்! புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் அந்த எழுவரையும் வரிசைப்படுத்தும்போது இருவர் பெயரையும் ஒரே மரியாதையோடுதான் சொல்லுகிறார்.

இவற்றில் எங்கேயாவது சிநேகம் இருக்கிறதா? விருந்து இருக்கிறதா? முதுகில் குத்து இருக்கிறதா? நம்பிக்கை வைத்த இடத்தில்தான் துரோகம் நடக்க முடியும். ஓரி காரியை நம்பினான் என்பதற்கு ஒரு வரி கிடையாது. இருப்பது ஒரு போரும், ஒரு சாவும், ஒரு தானமும். மலையைத் தட்டில் வைத்த வெற்றிலை பாக்கைப் போலத் தூக்கிக் கொடுத்த தானம்.

யாருக்குக் கொடுத்தான்? இந்தக் கேள்வி வந்துவிடக் கூடாதே என்றுதான் துரோகி தேவைப்படுகிறான் போலும்! வரலாற்றாசிரியர்கள் கோத்துச் சொல்லும் கதை இது: தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி காரியின் கோவலூரை வென்றான். ஊரை இழந்த காரி, சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையிடம் போனான். சேரனுக்குக் கொல்லி வேண்டியிருந்தது. காரிக்குச் சேரனுடைய துணை வேண்டியிருந்தது. ஓரியின் உயிர் இந்தக் கணக்கில் ஒரு வரவு செலவு. அந்தச் சேரன் பிற்பாடு தகடூரையும் அழித்து, ‘தகடூர் எறிந்த’ என்ற பட்டத்தோடு பாட்டில் நிலைத்துவிட்டான்.

இந்த இரும்பொறையைப் பற்றி நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது என்ன? முரசு வைக்கும் கட்டிலில் தெரியாமல் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்ட மோசிகீரனாருக்கு விசிறி வீசிய மன்னன் என்று படித்தோம். அரிசில் கிழாருக்கு ஒன்பது லட்சம் காணமும், கூடவே அரியணையையும் கொடுத்த மன்னன் என்று படித்தோம். இரண்டும் உண்மையாகவே இருக்கட்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் அதே கைதான் கொல்லிமலையை வாங்கிக்கொண்டது. விசிறி வீசிய கை நமக்கு நினைவிருக்கிறது. மலையை வாங்கிக்கொண்ட கை மறந்துபோய்விட்டது. ஏவியவனுக்கு விசிறி, ஏவப்பட்டவனுக்குத் துரோகிப் பட்டம். என்ன நியாயம் இது?

ஷேக்ஸ்பியரை இந்த வழக்குக்குச் சாட்சியாக இழுத்து வருகிறார்களே, அவராவது இவர்கள் சொல்லுகிறபடி சொல்லியிருக்கிறாரா? ‘ஜூலியஸ் சீஸர்’ 1599-ல் லண்டனில் மேடையேறிய நாடகம். கி.மு. 44-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் தேதி நடந்த கொலையைப் பற்றியது. செத்துப் போகும் சீஸர் புரூட்டஸைப் பார்த்துச் சொல்லும் மூன்று சொற்கள்தாம் நமக்குத் தெரியும். அந்த மூன்று சொற்களோடு நாடகம் முடிந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அப்போது நாடகம் பாதிதான் ஆகியிருக்கிறது!

புரூட்டஸ் சிநேகிதனைக் கொன்றவன்தான். ஆனால் யார் ஏவியும் கொல்லவில்லை. காஸியஸ் தூண்டினான் என்றாலும், இரவெல்லாம் தூக்கமின்றித் தோட்டத்தில் உலாவித் தனக்குத்தானே நியாயம் சொல்லிப் பார்த்து, தன் நாட்டுக்காக என்று நம்பி, தன் கையாலேயே குத்தினான். அவன் முடிவு தவறு என்று நீங்கள் சொல்லலாம்; ஆனால் அது அவனுடைய முடிவு. காரிக்கு அப்படி ஓர் இரவு இருந்ததா? இருந்ததாக எந்தப் புலவரும் பாடவில்லை. அவன் கொன்றது தன் சிநேகிதனையும் அல்ல. காப்பாற்றியது தன் நாட்டையும் அல்ல. இவனைப் புரூட்டஸ் என்றால் அது புரூட்டஸுக்கும் அவமரியாதை, காரிக்கும் அவமரியாதை.

அந்த நாடகத்தில் காரிக்கு உறவினர்கள் இருக்கிறார்கள். புரூட்டஸ் அல்ல, வேறு இருவர். ஒருவன் லிகேரியஸ். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு நோயாளியாக வருகிறான். காரியம் ஒன்று இருக்கிறது என்று புரூட்டஸ் சொன்னதும் கட்டைப் பிய்த்து எறிகிறான். என்ன காரியம் என்று அவனுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதுமில்லை; புரூட்டஸ் முன்னே போனால் போதும், பின்னே நான் வருகிறேன் என்று கிளம்பிவிடுகிறான். மற்றொருவன் பிண்டாரஸ். போரில் பிடிபட்ட அடிமை. அவன் உயிரைக் காப்பாற்றியதற்கு ஈடாக, எதைச் சொன்னாலும் செய்வேன் என்று காஸியஸ் அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். கடைசியில் அந்தச் சத்தியத்தைக் காட்டி, ‘என்னைக் குத்து’ என்கிறான். பிண்டாரஸ் எஜமானனையே குத்திவிட்டு, ரோமர் கண்ணில் படாத தேசத்துக்கு ஓடிப் போகிறான். உயிர் கொடுத்த கடனை உயிரை எடுத்துத் தீர்க்கிறான்! விசுவாசம் என்பது எந்த எல்லை வரைக்கும் போகும் என்பதை இதைவிடக் கொடூரமாக ஒருவர் காட்ட முடியுமா?

நம் பாஷையில் இதற்கு ஓர் அழகான பெயர் உண்டு: செஞ்சோற்றுக் கடன். கர்ணனும் கும்பகர்ணனும் இந்தக் கடனைத் தீர்க்கத்தான் செத்தார்கள் என்று கேட்டுக் கேட்டு நம் நெஞ்சு உருகிப் போயிருக்கிறது. 1964-ல் ‘கர்ணன்’ படம் வந்த பிறகு கேட்க வேண்டியதே இல்லை. கொட்டகையில் விம்மாதவர் பாக்கி இல்லை. என் வாதம் எல்லாம் இந்தக் கடனோடுதான். ஓரியைக் கொன்றது துரோகம் அல்ல, விசுவாசம். காரி ஒருவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தான். சொன்னதைச் செய்தான். குறையில்லாமல் செய்தான். அதனால்தான் கொல்லிமலைத் தெருவில் அந்தக் கூச்சல் எழுந்தது.

“அப்படியானால் நன்றி கெட்டவனாக இருக்கச் சொல்லுகிறீரா? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது பொய்யா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நினை என்றுதானே பழமொழி சொல்லுகிறது? அவர் கை காட்டியவனைக் கொல் என்றா சொல்லுகிறது? நன்றி வேறு, கீழ்ப்படிதல் வேறு. நன்றி உடையவன் தன்னுடையதைக் கொடுப்பான். தன் பொருளை, உழைப்பை, வேண்டுமானால் தன் உயிரைக்கூடக் கொடுப்பான். பிறனுடைய மலையைக் கொடுக்க அவனுக்கு என்ன பாத்தியதை இருக்கிறது? கும்பகர்ணனாவது போருக்குப் போகுமுன் சீதையை விட்டுவிடு என்று அண்ணன் முகத்துக்கு நேரே சொன்னான். நாமோ அவன் சொன்னதை மறந்துவிட்டு, செத்ததை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

“அந்தக் காலத்து வீரனுக்கு அதுதானே தர்மம்?” என்பது அடுத்த கேள்வி. இருக்கலாம். மூவேந்தருள் ஒவ்வொருவரும் தமக்குத் துணையாக வரும்படி காரியைப் புகழ்ந்து ஆள் அனுப்பிப் பொருள் கொடுத்ததைக் கபிலரே பாடியிருக்கிறார். வாள் பலத்தை வேந்தருக்குக் கொடுத்து வாழ்ந்த குடி அது. ஆனால் அந்தக் காலத்திலேயே இதற்கு நேர்மாறான தர்மமும் இருந்தது. அதைப் பார்க்க நாம் ரோமாபுரிக்குப் போக வேண்டாம். மலையமான் குடியின் கதையிலேயே இருக்கிறது.

சோழன் ஒருவனைத் துன்பம் வந்த காலத்தில் முள்ளூர் மலையில் வைத்துக் காத்த குடி மலையமான் குடி. அந்தக் குடியின் குழந்தைகளைத்தான் சோழன் கிள்ளிவளவன் யானைக் காலில் இடச் சொன்னான். வேந்தர்களுக்குச் செய்த ஊழியம் எதுவும் அந்தக் குழந்தைகளுக்குத் துணைக்கு வரவில்லை. துணைக்கு வந்தவர் கோவூர் கிழார் என்ற புலவர். அவரும் அந்தச் சோழனைப் பாடியவர்தான். அவன் சோற்றை உண்டவர்தான். ஆனால் அவர் அவன் முன்னால் நின்றார். புறாவுக்காகத் தன் சதையை அரிந்து கொடுத்தவன் வழியில் வந்தவனே என்று அவன் குலத்தை நினைவூட்டினார். இந்தக் குழந்தைகளைப் பார். அழுதுகொண்டிருந்தவை யானையைக் கண்டதும் அழுகையை மறந்துவிட்டு, சபையைப் பார்த்து மிரண்டு விழிக்கின்றன என்றார். கேட்டாயல்லவா, இனி உன் விருப்பப்படி செய் என்று நிறுத்திக்கொண்டார். புறநானூற்றுப் பாட்டு அதோடு முடிகிறது.

இதற்கு நீங்கள் என்ன பெயர் கொடுப்பீர்கள்? அரசன் எண்ணத்துக்குக் குறுக்கே நின்றதால் கோவூர் கிழாரைத் துரோகி என்பீர்களா? நான் அவரைத்தான் அந்தச் சபையில் இருந்த ஒரே விசுவாசி என்பேன். இடித்துச் சொல்ல ஆளில்லாத அரசன் கெடுப்பாரில்லாமலே கெடுவான் என்பது வள்ளுவரும் சொன்னதுதானே? ஷேக்ஸ்பியரும் இதை அறிந்திருந்தார். தோற்றுப்போன புரூட்டஸ், தன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த வாலும்னியஸைக் கூப்பிட்டு, நான் பாய்ந்து விழுகிறேன், கத்தியைப் பிடித்துக்கொள் என்கிறான். வாலும்னியஸ் மறுத்துவிடுகிறான். அது சிநேகிதன் செய்கிற வேலை அல்லவாம்!

காரிக்குப் பக்கத்தில் ஒரு கோவூர் கிழார் இல்லை. இரும்பொறைக்குப் பக்கத்திலும், கொல்லி வேண்டாம் என்று சொல்ல ஒருவர் இருந்ததாகத் தெரியவில்லை. வேட்டையில் வீழ்த்திய மானின் இறைச்சியையும், தன் மலையில் பிறந்த பொன்னையும் மணியையும், வழியில் கண்ட பாணர்களுக்கு அள்ளிக் கொடுத்தான் ஓரி என்று வன்பரணர் பாடுகிறார். அப்படிப்பட்டவன் செத்ததற்கு இதுதான் காரணம். துரோகி ஒருவன் இருந்ததல்ல. மறுப்பவன் ஒருவன் இல்லாமற் போனது.

வாசகர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். நீங்களும் நானும் யாரையும் வாளால் வெட்டப் போவதில்லை. ஆனால் பொய்யென்று தெரிந்த கோப்பில், மேலதிகாரி நல்லவர், என் பெண்ணின் கல்யாணத்துக்கு வந்தவர் என்பதற்காகக் கையெழுத்துப் போடுகிறோம். தலைவர் சொல்லிவிட்டார் என்பதற்காக, நேற்று வரை நல்லவனாக இருந்த ஒருவனை இன்று மேடையேறித் திட்டுகிறோம். முதலாளி கண் காட்டினார் என்பதற்காக, சக தொழிலாளி மேல் சாட்சி சொல்லுகிறோம். இவற்றில் ஒன்றைக்கூட நாம் துரோகம் என்று நினைப்பதில்லை. விசுவாசம் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொள்ளுகிறோம். மறுத்தவனைத்தான் எட்டப்பன் என்கிறோம்.

நண்பர் நாடகத்தை எழுதட்டும். விருந்துக் காட்சியை அடித்துவிட்டு, அதற்குப் பதிலாகச் சேரனுடைய சபையை வைக்கட்டும். கொல்லிமலை வேண்டும் என்று அரசன் சொல்லுகிறான். சபையில் இருக்கிறவர்கள் எல்லோரும் அவன் சோற்றை உண்டவர்கள். எழுந்து பேச வேண்டியவர்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொள்ளுகிறார்கள். கடைசியில் காரி எழுந்து, ஆகட்டும் என்கிறான். சபை அழுமா என்று எனக்குத் தெரியாது. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் முகத்தைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சப்படும். எனக்கு அது போதும்.