இல்லம் யாருடையது?

நம் பக்கத்தில் ‘நர்சிங் ஹோம்’ என்றால் பிரசவம் பார்க்கும் சின்ன ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் அதே பெயர், வயதானவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லத்துக்கு. அங்கே 2008 முதல் அரசே அந்த இல்லங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுத்து இணையத்தில் போடுகிறது. சோதனையில் அகப்பட்ட குறைகள், நர்ஸ்களின் எண்ணிக்கை, உரிமையாளர் பெயர் எல்லாம் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

வில்லியனூரிலோ பாகூரிலோ அம்மாவுக்கு இல்லம் தேடும் மகளுக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது. தெரிந்தவர் சொல்கிறார், போய்ப் பார்க்கிறார்கள், முற்றத்தில் துளசிமாடம் இருக்கிறது, சேர்த்துவிடுகிறார்கள். முதியோர் இல்லம் என்றாலே தொண்டுதான் என்ற நம்பிக்கை வேறு.

அந்த நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2023 பிப்ரவரியில் பக்கத்து விழுப்புரம் மாவட்டம் பார்த்தது. குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமத்தில் சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணவில்லை என்ற புகார் உயர் நீதிமன்றம் வரை போனது. பெங்களூரில் இன்னோர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டதாகப் பதில் வந்தது. அங்கேயும் அவர் இல்லை. அதிகாரிகள் நுழைந்தபோதுதான், உரிய உரிமம் இல்லாமலே அது பல வருடங்களாக நடந்துவந்தது வெளியே தெரிந்தது. 140 பேருக்கு மேல் மீட்கப்பட்டார்கள். விசாரணை சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போனது.

ஆகவே சாப்பாடு எப்படி என்று கேட்பதற்கு முன்னால், இல்லம் யாருடையது என்று கேட்க வேண்டும். டிரஸ்ட் என்றால் பதிவான டிரஸ்ட் பத்திரத்தின் நகலைக் காட்டச் சொல்லலாம். கம்பெனி என்றால் இயக்குநர்களின் பெயர் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் கிடைக்கும். கட்டடம் சொந்தமா, வாடகையா என்பதும் முக்கியம். வாடகை ஒப்பந்தம் முடிந்தால் முதியவர்களும் சேர்ந்துதானே கிளம்ப வேண்டும்? இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற நிர்வாகியிடம் அம்மாவை எப்படி விடுவது!

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். இங்கே எல்லை நேர்கோடாக ஓடுவதில்லை. பாகூரிலிருந்து கொஞ்ச தூரம் போனால் கடலூர் மாவட்டம். வில்லியனூர்ப் பக்கமும் தமிழ்நாட்டு ஊர்கள் ஊடே வரும். இல்லம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்த அரசின் அதிகாரிதான் சோதனைக்கு வருவார். சேர்ப்பதற்கு முன்பே, அது எந்தக் கொம்யூன் அல்லது எந்த ஊராட்சி என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007-லேயே வந்துவிட்டது. மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, குறைந்தது 150 ஏழை முதியவர்களுக்கு இடத்தோடு, மாநில அரசு நடத்தலாம் என்கிறது அது. தனியார் இல்லங்களைப் பதிவுசெய்து தரம் நிர்ணயிக்க 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்த திருத்த மசோதா சட்டமாகவில்லை. இப்போதைக்குச் சோதனை அதிகாரி நாம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, சொல்லாமல் போய்ப் பாருங்கள். ஆள் குறைவது அப்போதுதான். ராத்திரி எத்தனை பேர் விழித்திருப்பார்கள் என்று கேளுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கிறார்கள்? படுக்கைப் புண் இருக்கிறதா? இதை நிர்வாகியைவிட அங்கே துணி துவைக்கிற அம்மா சரியாகச் சொல்வார். முறையிட வேண்டியிருந்தால் முதியோர் உதவி எண் 14567.

சேர்க்கும்போது கையெழுத்துப் போடுகிற தாளில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: குடும்பத்தின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் இவரை வேறெந்த இல்லத்துக்கும் மாற்றக் கூடாது.