பாதுகாப்பு யாருக்கு?

ஒரு வீட்டுக்குக் காவல்காரன் ஒருவன் வருகிறான். திருடன் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். முதல் வேலையாகச் சாவிக்கொத்தை வாங்கிக்கொள்கிறான். அடுத்து, என்னைக் கேட்காமல் அண்டை வீட்டாரிடம் பேசாதே என்கிறான். பிறகு, கொல்லையில் கிணறு தோண்டுவதானால் நான் காட்டுகிற ஆள்தான் தோண்டவேண்டும் என்கிறான். வீட்டுப் பிள்ளைகள் பசியென்று வாய் திறந்தால் பிரம்பை எடுக்கிறான். இவனைக் காவல்காரன் என்பதா, கொள்ளைக்காரன் என்பதா?

இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே, பாரசீக வளைகுடாவின் அரபுக் கரையில் பிரிட்டிஷ் ஏகாதிபத்தியம் அளித்த 'பாதுகாப்பு' இத்தகையதுதான் என்று நாம் சொல்கிறோம். ஆத்திரத்தில் சொல்லவில்லை; ஆதாரத்தோடு சொல்கிறோம்.

பஹ்ரைன், குவைத், கத்தார், இன்று ஐக்கிய அரபு அமீரகம் என்று பெயர் பெற்றிருக்கும் கடற்கரைச் சிற்றரசுகள் ஆகியவை பெயரளவில் காலனிகள் அல்ல. ஷேக்குகளே ஆண்டார்கள். ஆனால் 1892இல் பஹ்ரைனும் அந்தக் கடற்கரைச் சிற்றரசுகளும், 1899இல் குவைத்தும், 1916இல் கத்தாரும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களைப் புரட்டிப் பாருங்கள். பிரிட்டன் சம்மதமின்றித் தம் மண்ணில் ஒரு சாண் நிலத்தையும் பிறருக்கு விற்கக்கூடாது, அடகு வைக்கக்கூடாது. வேறு வல்லரசோடு உறவு கொள்ளவும் கூடாது. இதை மேற்பார்க்க, எதிரே பாரசீகக் கரையிலுள்ள புஷயர் துறைமுகத்தில் 'ரெசிடெண்ட்' என்று ஒரு துரை இருந்தார். அவருக்கு உத்தரவு போட்டது யார்? நம் நாட்டை அடிமைப்படுத்தி வைத்திருந்த அதே இந்திய சர்க்கார்தான்! அந்தக் கரையில் புழங்கிய நாணயமும் ரூபாய்தான். நமக்குப் பூட்டிய விலங்கின் மறுமுனை அங்கே பூட்டப்பட்டிருந்தது.

பாதுகாப்பின் இலட்சணத்தைக் குவைத்திலே முதலில் பார்ப்போம். 1922ஆம் ஆண்டின் இறுதியில் உகைர் என்னுமிடத்தில் எல்லை வகுக்கும் மாநாடு கூடிற்று. பிரிட்டிஷ் பிரதிநிதி சர் பெர்சி காக்ஸ் வரைபடத்தில் கோடு கிழித்தார். குவைத் தன்னுடையது என்று கருதிவந்த நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நெஜ்து மன்னர் இப்னு சவூதிடம் போய்ச் சேர்ந்தது. குவைத் ஷேக் அங்கே இல்லவே இல்லை. அவர் சார்பில் உட்கார்ந்திருந்தவரும் ஒரு வெள்ளை அதிகாரியே! வலுத்தவனைச் சமாதானப்படுத்த, காக்க வேண்டியவனின் வயலை அறுத்துக் கொடுப்பதற்குப் பெயர் பாதுகாப்பாம்!

பஹ்ரைனில் 1869 முதல் ஆண்டுவந்தவர் ஷேக் ஈசா. 1923இல் ரெசிடெண்ட் அவரை ஒதுக்கி, மகன் ஹமதிடம் ஆட்சியை ஒப்படைத்தார். ஈசாவின் ஆட்சி ஏழைகளின் ஆட்சி என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அந்த மாற்றத்தை மக்களா செய்தார்கள்? 1926இல் சார்லஸ் பெல்கிரேவ் என்ற ஆங்கிலேயர், லண்டன் பத்திரிகையில் வந்த விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்து, ஷேக்கின் 'ஆலோசகராக' வந்திறங்கினார். 1957 வரை அவர் அசையவில்லை. அரசனுக்குப் பட்டம், ஆலோசகருக்கு அதிகாரம்!

இத்தனை ஏற்பாடும் எதற்காக? இந்தியாவுக்குப் போகும் வழியைக் காக்க என்பது பழைய பதில். 1932இல் ஷார்ஜாவில் இம்பீரியல் ஏர்வேஸ் விமானங்கள் தங்க இடம் பிடித்ததும் அதற்காகவே. புதிய பதில், எண்ணெய். பிரிட்டிஷ் சர்க்கார் குறிப்பிடுகிறவருக்கன்றி வேறு எவருக்கும் எண்ணெய் உரிமை தரமாட்டோம் என்று குவைத்திடம் 1913இலும், பஹ்ரைனிடம் 1914இலும், கடற்கரை ஷேக்குகளிடம் 1922இலும் எழுதி வாங்கியாயிற்று. 1934இல் குவைத் எண்ணெயை 75 ஆண்டுக்குக் குத்தகை எடுத்த கம்பெனியில் பாதி அமெரிக்கருடையது. மறுபாதி ஆங்கிலோ-பாரசீகக் கம்பெனியுடையது. அந்த ஆங்கிலோ-பாரசீகக் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளை 1914 முதல் வைத்திருந்தது பிரிட்டிஷ் சர்க்கார்! அனுமதிப்பவரும் அவரே, அனுபவிப்பவரும் அவரே. குவைத்துக்குக் கிடைத்ததோ டன்னுக்கு 3 ரூபாய். 1935இல் கத்தாருக்கும் அதே 75 ஆண்டு, அதே 3 ரூபாய்.

அந்த 3 ரூபாயாவது மக்களுக்குப் போயிற்றா? அந்தக் கரையின் உழைப்பாளி அன்று முத்துக் குளித்துப் பிழைத்தவன். படகுத் தலைவனிடம் முன்பணம் வாங்கி, வாழ்நாளெல்லாம் கடனில் மூழ்கியவன். 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார நெருக்கடியும் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் சேர்ந்து அவன் சோற்றில் மண்ணைப் போட்டன. 1932இல் பஹ்ரைன் முத்துக் குளிப்பாளர்கள் கொதித்தெழுந்தபோது, போலீஸ் துப்பாக்கி பதில் சொல்லிற்று. அதே 1932இல், அதே பஹ்ரைனில், எண்ணெய் பீறிட்டது!

பிரிட்டிஷார் அங்கே அடிமைகளுக்கு விடுதலைச் சீட்டு வழங்கினார்களே என்று சிலர் வாதிடுவார்கள். வழங்கியது உண்மை. மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மக்கள் தாங்களே எழுந்து நின்றபோது என்ன நடந்தது? அங்கேதான் உரைகல் இருக்கிறது.

1938 ஜூலையில் குவைத்தில் 14 பேர் கொண்ட மன்றம் தேர்ந்தெடுக்கப்பட்டது. வாக்களித்தவர்கள் பெருங்குடும்பத்தார்தாம், தொழிலாளி அல்ல. ஆயினும் அம்மன்றம் வரிகளைக் குறைத்தது, ஏகபோகங்களை ஒழித்தது. அந்நிய ஒப்பந்தங்களும் சலுகைகளும் தன் ஒப்புதலுக்கு உட்பட்டவை என்று சட்டம் செய்தது. முதலில் தட்டிக்கொடுத்த பிரிட்டிஷார் அந்த இடத்தில் முகம் சுளித்தார்கள். டிசம்பரில் மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்து வந்த மன்றமும் 1939 மார்ச்சில் முடிந்தது. 1938 அக்டோபரில் துபாயில் தோன்றிய மன்றத்தையும் அதே மார்ச்சில் ஆயுத பலம் தீர்த்துக்கட்டிற்று. எந்த மன்றத்தையும் காப்பாற்றப் பாதுகாவலன் வரவில்லை.

பஹ்ரைனில் 1938 நவம்பரில் எண்ணெய்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சட்டமன்றம் வேண்டும், தொழிற்சங்கம் வேண்டும், கம்பெனியில் உள்நாட்டாருக்கு வேலை வேண்டும் என்ற குரல் எழுந்தது. தலைவர்களைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். கம்பெனியோ இந்தியாவிலிருந்து ஆள் கொண்டுவந்து வேலை வாங்கிக்கொண்டிருந்தது. போராடியவன் இங்கே நாடு கடத்தப்பட்டான். பிழைக்கப் போனவன் அங்கே இறக்கப்பட்டான். தொழிலாளிக்கு எதிராகத் தொழிலாளியை நிறுத்தும் தந்திரம் இது.

ஆகவே, பாதுகாப்பு யாருக்கு? அந்நியனிடமிருந்து மக்களுக்கு அல்ல. மக்களிடமிருந்து அரசனுக்கும் கம்பெனிக்கும்! எண்ணெய்ப் பணம் நேரே அரசன் கையில் விழுந்தது. மக்களிடம் வரி கேட்கத் தேவையில்லாத அரசன், மக்களுக்குக் கணக்குச் சொல்லவும் தேவையில்லை என்று நினைத்தான்.

குவைத்தில் 1961இலும், மற்ற இடங்களில் 1971இலும் பிரிட்டிஷ் பாதுகாப்பு முடிந்தது. ஆனால் அதன் மிச்சம் போகவில்லை. வெளிநாட்டுத் தொழிலாளிக்கு உள்ளூரில் ஒருவர் பொறுப்பாளியாக நிற்கவேண்டும் என்ற 'கஃபாலா' முறையின் வேர், போர்களுக்கு இடைப்பட்ட காலத்துப் பஹ்ரைனில் பிரிட்டிஷ் அதிகாரிகள் செய்த ஏற்பாடுகளில் இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. இராமநாதபுரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் கடல் கடந்து போன நம் பிள்ளைகள், பாஸ்போர்ட்டை முதலாளியிடம் பறிகொடுத்துத் தவித்த கதைகளை நாம் அறிவோம். கத்தார் 2020இல் வேலை மாற முதலாளியின் அனுமதி தேவையில்லை என்று சட்டம் திருத்தியது. நல்லதே. ஆனால் சட்டம் தாளில் இருந்தால் போதாது. அதைக் கேட்டு வாங்கச் சங்கம் வேண்டும்.

1938இல் மனாமாவில் எண்ணெய்த் தொழிலாளி கேட்டதும் அதுதான். அவன் கோரிக்கை இன்னும் பழசாகவில்லை.