உண்மை உரைப்போருக்கு அரசு பட்ட கடன்

ஒரு நிறுவனத்துக்குள் நடைபெறும் முறைகேட்டை, தணிக்கையாளரும் புலனாய்வாளரும் அறிவதற்கு நெடுநாள் முன்பே, அங்கே பணிபுரியும் யாரோ ஒருவர் அறிந்திருக்கிறார். அவர் வாய் திறந்தால் பொதுப்பணமும், சில வேளைகளில் பொதுமக்களின் உயிரும் காக்கப்படும். வாய் திறந்தமைக்காக அவர் இடமாற்றத்துக்கும் பணிநீக்கத்துக்கும் பொய்வழக்குக்கும் ஆளாவாரெனில், அடுத்து அறிபவர் அமைதி காப்பார். எனவே அவரைக் காப்பது, ஆட்சி தன்னைத் தூய்மையாக வைத்துக்கொள்ளும் கடமையின் பிரிக்கவியலாத பகுதியாகும்.

இக்கடமையில் நம் அரசு தவறிய வரலாறு துயரமானது. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் பொறியாளராகப் பணியாற்றிய சத்யேந்திர துபே, ஒப்பந்தப் பணிகளில் தாம் கண்ட சீர்கேடுகளை 2002-ஆம் ஆண்டு பிரதமர் அலுவலகத்துக்கு எழுதியபோது, தம் பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். அக்கடிதமோ அவர் பெயருடனேயே அலுவலகம் அலுவலகமாகச் சென்றது. 2003 நவம்பர் 27 அன்று பீகாரின் கயை நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக்காரர்களே கொன்றனர் என்பது மத்தியப் புலனாய்வுத் துறை கண்ட முடிவு, மூவர் தண்டிக்கப்பட்டனர். அம்முடிவை ஏற்றுக்கொண்டாலும், காக்குமாறு வேண்டப்பட்ட பெயரைக் காக்கத் தவறிய பழியிலிருந்து அரசு விடுபட இயலாது. ஈராண்டுகளில், எரிபொருள் கலப்படத்தைத் தடுக்க முனைந்த இந்தியன் ஆயில் நிறுவன அலுவலர் மஞ்சுநாத் சண்முகம், உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் கொலையுண்டார்.

இத்தகையோரைக் காக்கச் சட்டம் வேண்டுமென்று சட்ட ஆணையம் 2001-ஆம் ஆண்டிலேயே தன் 179-ஆம் அறிக்கையில் பரிந்துரைத்திருந்தது. துபேயின் மறைவுக்குப் பின், 2004-இல் வெளிவந்த அரசுத் தீர்மானம் ஒன்று இத்தகைய முறையீடுகளைப் பெறும் பொறுப்பை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்திடம் ஒப்படைத்தது. மக்களவை 2011-லும் மாநிலங்களவை 2014-லும் நிறைவேற்றிய பாதுகாப்புச் சட்டம், குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றது. ஆயினும், நடுவண் அரசு குறிக்கும் நாளிலிருந்து நடைமுறைக்கு வருமென்று கூறும் அச்சட்டத்துக்கு, அந்த நாள் இன்றுவரை குறிக்கப்படவில்லை.

முறையிட்டவரின் அடையாளத்தை வெளிப்படுத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கும் அச்சட்டம், துபேக்கு இழைக்கப்பட்ட தவறு மீண்டும் நேராதிருக்க வழிவகுப்பது. முறையிட்டவர் பழிவாங்கப்பட்டதாகக் கூறினால், அவ்வாறில்லையென்று மெய்ப்பிக்கும் பொறுப்பையும் அது அதிகாரத் தரப்பின்மேல் சுமத்துகிறது. பொய்ப் புகார்கள் பெருகுமென்று அஞ்சுவோருக்கு, அறிந்தே பொய்யுரைப்பவருக்கு ஈராண்டு வரை சிறை என்னும் பிரிவே விடையளிக்கிறது. நாட்டின் பாதுகாப்பை முன்னிறுத்தி 2015-இல் கொண்டுவரப்பட்ட திருத்த முன்வரைவு, மாநிலங்களவையின் ஒப்புதலைப் பெறாமலே 2019-இல் காலாவதியாகிவிட்ட நிலையில், மூலச் சட்டத்தை முடக்கி வைப்பதற்கு ஏற்கத்தக்க காரணம் ஏதும் எஞ்சவில்லை.

சட்டத்திலும் குறைகள் உண்டு. அரசுத்துறைக்குள் நின்றுவிடும் அது, தனியார் நிறுவன ஊழியரைக் கைவிடுகிறது. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்குள் முறையீட்டு ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியிருப்பினும், எந்த நிர்வாகத்தின்மேல் புகாரோ அந்நிர்வாகத்தின் நிழலிலேயே நியாயம் தேடும் நிலை ஊழியருக்கு ஏற்படுகிறது. பிரித்தானியா 1998-இல் இயற்றிய சட்டம் தனியார்துறை ஊழியரையும் அரவணைத்து, அவர்கள் தீர்ப்பாயத்தை அணுகவும் வழி திறந்தது. அம்முன்மாதிரி நமக்கும் பொருந்தும்.

குறைகளைக் களைவதற்கு நாடாளுமன்றம் காலம் எடுத்துக்கொள்ளலாம்; நிறைவேறிய சட்டத்துக்கு நாள் குறிக்க ஓர் அறிவிக்கையே போதும். மக்கள் மன்றத்தின் முடிவை ஆட்சித்துறையின் அமைதி செயலற்றதாக்குவது மக்களாட்சி நெறிக்கு முரணானது. காலவரையற்ற இத்தாமதத்தை முடித்து, சட்டம் நடைமுறைக்கு வரும் நாளை நடுவண் அரசு உடனே அறிவிக்க வேண்டும்.