கச்சத்தீவும் கைதட்டலும்

2024-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், மக்களவைத் தேர்தலுக்குச் சில நாட்கள் இருக்கையில், ஒரே மாலையில் இரண்டு கூட்டங்களைக் கேட்க நேர்ந்தது. ஒன்று விழுப்புரத்தில், மற்றொன்று திண்டிவனத்தில். "கச்சத்தீவைத் தூக்கிக் கொடுத்தவர்கள் தேசப் பாதுகாப்பைப் பற்றிப் பேசலாமா?" என்று முழங்கினார் விழுப்புரத்துப் பேச்சாளர். ஜனங்கள் கைதட்டினார்கள். "பத்து வருஷம் ஆண்டவர்கள் ஏன் மீட்கவில்லை?" என்று திருப்பிக் கேட்டார் திண்டிவனத்துப் பேச்சாளர். அங்கேயும் கைதட்டினார்கள். இருவரிடமும் கேள்வி இருந்தது, பதில் இல்லை.

தேசப் பாதுகாப்பைத் தேர்தல் மேடைக்குக் கொண்டு வரலாகாது என்று நான் சொல்லமாட்டேன். தாராளமாகக் கொண்டு வரட்டும். ஆனால், கொண்டு வருகிறவனின் யோக்கியதையை எதைக் கொண்டு அளப்பது? அவனுடைய தொண்டையைக் கொண்டா? ஓட்டுத் தேவைப்படாத நாளில், அதே விஷயத்தைப் பற்றி அவன் என்ன சொன்னான், என்ன செய்தான் என்பதைக் கொண்டுதான் நான் அளப்பேன்.

அளந்து பார்ப்போம். 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் 285 ஏக்கர் தீவு இலங்கையின் பக்கம் போயிற்று. 1976-இல் பரிமாறிக்கொண்ட கடிதங்களால் எல்லைக்கு அப்பால் மீன் பிடிக்கும் வழியும் அடைபட்டது. அந்தக் கடற்கரையில் வாழ்கிறவர்களைக் கேட்டா கையெழுத்திட்டார்கள்? காங்கிரஸ்காரர் இதற்குச் சமாதானம் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

1974 ஆகஸ்டில் தமிழகச் சட்டமன்றம் ஆட்சேபித்துத் தீர்மானம் போட்டது வாஸ்தவம். அந்தத் தீர்மானத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் தி.மு.க., 2004 முதல் 2013 வரை மத்திய மந்திரி சபையில் அமர்ந்திருந்தது. தீவுக்காக எந்த மந்திரி நாற்காலியைக் காலி செய்தார்?

2024 மார்ச் 31-இல் இதே தீவுக்காகக் காங்கிரஸைச் சாடினார் பிரதமர் மோடி. தமிழகத்தில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. இடையே பத்தொன்பது நாட்கள்! அவருடைய அரசாங்கத்தின் அட்டர்னி ஜெனரல் 2014 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டில் சொன்னது என்ன? தீவு ஒப்பந்தப்படி போய்விட்டது; திரும்ப வேண்டுமானால் யுத்தம்தான் செய்ய வேண்டும் என்றார். கோர்ட்டிலே முடியாத காரியம், மேடையிலே எப்படி முடிந்தது?

திண்டிவனத்துக் கூட்டம் கலைந்தபின் டீக்கடையில் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மரக்காணத்துப் பக்கத்து மீனவர். "ராமேஸ்வரத்துப் புள்ளைங்களைப் புடிச்சிக்கினு போறானே, தீவு வந்துட்டா உட்டுடுவானா சார்?" என்றார். மேடையில் இருந்தவர்களில் யாரும் இந்தக் கேள்வியைத் தொடவில்லை. இருபது ஆண்டுகளில் 6,184 இந்திய மீனவர்களை இலங்கை பிடித்திருக்கிறது, 1,175 படகுகளைப் பறித்திருக்கிறது என்று 2024 ஏப்ரல் 1-இல் வெளியுறவு மந்திரி ஜெய்சங்கரே கணக்குச் சொன்னார். இவர்களில் பலர் அகப்பட்டது கச்சத்தீவுக்கும் அப்பால், நெடுந்தீவை ஒட்டிய கடலில். நம் விசைப்படகுகளின் இழுவை மடி அங்கே கடலின் அடியையே அரித்தெடுக்கிறது. அறுபடும் வலைகளோ யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவருடையவை. தீவு நாளைக்கே திரும்பி வந்தாலும் இந்த வழக்குத் தீராது. இழுவை மடியை விட்டு இந்த மனிதர்கள் வேறு தொழில்முறைக்கு மாற வேண்டும். மாறும்வரை அவர்கள் வீட்டில் அடுப்பு எரிய அரசாங்கம் பணம் வைக்க வேண்டும். இதைச் சொன்னால் ராமேஸ்வரத்தில் ஓட்டுப் போகும். ஆகவே சொல்லமாட்டார்கள்.

2025 ஏப்ரல் 2-இல் சட்டமன்றம் மறுபடியும் ஒரு தீர்மானம் போட்டது. இம்முறை பா.ஜ.க.வும் ஆதரித்தது. எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள்; கேட்பதற்குச் செலவில்லை.

தேசத்தைக் காப்பேன் என்று ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் வாசகர்கள் கைதட்டுவதற்கு முன்னால் அந்த மரக்காணத்துப் பெரியவரின் கேள்வியைக் கேட்க வேண்டும். தனக்கு ஓட்டு நஷ்டமானாலும் உள்ளதைச் சொல்கிறவர் எவரோ, அவரிடம் எல்லையை நம்பி ஒப்படைக்கலாம். அன்று நான் கேட்ட இரண்டு மேடைகளிலும் அப்படிப்பட்டவர் ஒருவரும் இல்லை.